உலைக்களத்தின் நான்காவது ஆல்பம்

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அவர் இடி. இருபத்துமூன்று வயதில் ஒரு கல்லூரி மேடையில் டிரம்ஸ் வாசித்தபோது அவருக்குக் கீழே இருந்த பலகை முறிந்து உள்ளே போய்விட்டது. அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். ஐம்பத்தேழு வயதில், தொப்பையும் கண்ணாடியுமாக, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் துணி வெளுக்கும் பிரிவில் நின்றபோதும் அதே பெயர்தான். "இடி அண்ணே, மூணாவது மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுது" என்று கூப்பிட்ட பெண்களில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்றே தெரியாது. குரல் கனமாக இருப்பதால் என்று நினைத்திருந்தார்கள்.

காலை ஆறு மணிக்கு வேலை. ஒவ்வொரு வார்டிலிருந்தும் மூட்டைகள் சரிவுக் குழாய் வழியாகத் தொப் தொப்பென்று வந்து விழும். ரத்தக்கறை படிந்ததைப் பிரித்துப் பச்சைத்தண்ணீரில் ஊறப்போட வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை ஜென்மத்துக்கும் போகாது. அறுவை சிகிச்சை அறையின் பச்சைத் துணி தனி, குழந்தைகள் வார்டு தனி. துவைத்த விரிப்புகள் இரண்டு பெரிய சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்து, மறுபக்கம் அப்பளம் மாதிரி தட்டையாக வெளியே வரும். இடி அங்கே பதினெட்டு வருடமாக மேற்பார்வை.

அதற்கு முன்னால் அவர் 'உலைக்களம்' என்ற ஹெவி மெட்டல் குழுவில் டிரம்மர். நாலு பேர். பாடகர், கிட்டார் வாசித்த ஒல்லி, பேஸ் கிட்டார் வாசித்த ஒருவர், இடி. கறுப்புச் சட்டையும் தோள்வரை முடியுமாக, காது கிழியும் சத்தத்தில் பதினேழு வருடம் வாசித்தார்கள். மூன்று ஆல்பம் போட்டார்கள். முதல் ஆல்பம் வந்த வருடம் பாடகரின் தங்கையை இடி கல்யாணம் செய்துகொண்டார். குழு குடும்பமானது. சண்டை வந்தபோது குடும்பமும் சேர்ந்து உடைந்தது.

மூன்றாவது ஆல்பம் படுத்துவிட்டது. ஏன் என்று ஒரு ரேடியோ பேட்டியில் கேட்டார்கள். பாடகர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க டிரம்மரோட காலுக்கு வயசாயிடுச்சு. பாட்டு ஒரு பக்கம் போகுது, அவரோட காலு ஒரு பக்கம் போகுது."

இடிக்கு அப்போது முப்பத்தாறு. அடுப்படியில் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அதை அணைத்தாள். அன்றைக்கே அண்ணனுக்கு போன் போட்டு, "இனிமே எனக்கு அண்ணன் இல்லன்னு நெனச்சுக்கறேன்" என்று சொல்லி வைத்தாள். இடி அவளை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபத்தோரு வருடம் அப்படியே போனது. அவர்களுடைய ஒரே மகளின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. பேஸ் கிட்டார்க்காரர் மாரடைப்பில் போனபோது மற்ற மூன்று பேரும் அவர் வீட்டு வாசலில் மூன்று மூலையில் நின்றுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கலைந்தார்கள்.

ரேடியோவில் கேட்ட அந்த ஒரு வாக்கியம் மட்டும் இடியை விட்டுப் போகவேயில்லை. பஸ்ஸில் நிற்கும்போதும், சலூனில் உட்கார்ந்திருக்கும்போதும், மெஷின்களின் கடகடப்பு நடுவிலும் அவருடைய இரண்டு கால்களும் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். என்றைக்காவது ஒருநாள் அந்த மனிதன் காதுபட வாசித்துக் காட்டிவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் பெரிதாக அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கே வந்தது. கதவைத் திறந்தால் பாடகர் நின்றுகொண்டிருந்தார். முடியெல்லாம் கொட்டி, தலை பளபளவென்று இருந்தது.

"உள்ள வரலாமா மாப்ள?"

உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்த மனைவி அண்ணனைப் பார்த்தாள். கையைத் துடைக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றாள். தண்ணீர் தரையில் சொட்டியது.

"எவ்ளோ இளைச்சுட்ட அண்ணா" என்றாள். அவ்வளவுதான். இருபத்தோரு வருடத்துக் கோபம் அந்த ஒரு வரியில் தீர்ந்துபோனது.

விஷயம் இதுதான். யாரோ ஒரு ரசிகர் அவர்களுடைய பழைய கச்சேரி ஒன்றை இணையத்தில் போட்டிருக்கிறார். அப்போது பிறந்திருக்கவே இல்லாத பிள்ளைகள் லட்சக்கணக்கில் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சின்ன இசைக் கம்பெனி, ஒன்பது பாட்டு கொடுங்கள், மூன்று மாதத்தில் புது ஆல்பமாக வெளியிடுகிறோம் என்கிறது. பேஸ் பகுதியை ஒல்லியே வாசித்துவிடுவான். ஆனால் டிரம்ஸ் இடிதான்.

"ரேடியோல அன்னிக்குச் சொன்னத இப்ப வாபஸ் வாங்க முடியாது" என்றார் பாடகர், டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு. "திமிருல சொல்லிட்டேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன். இடி இல்லாம உலைக்களம் இல்ல மாப்ள."

"எப்ப ஆரம்பிக்கறோம்?" என்றார் இடி. மனைவி பாத்திரம் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் பின்னறையில் மூட்டை கட்டிக் கிடந்த டிரம் செட்டைப் பிரித்தார். தோல்களை மாற்றினார், துரு துடைத்தார், பெடல்களுக்கு எண்ணெய் போட்டார். ஹெவி மெட்டலில் டிரம்மரின் உயிர் காலில்தான் இருக்கிறது. பெரிய டிரம்மை அடிக்கக் காலுக்கு ஒன்றாக இரண்டு பெடல். வேகமான பாட்டில் நொடிக்குப் பன்னிரண்டு அடி விழ வேண்டும். உட்கார்ந்தார். கைகள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தன. கால்களைச் சேர்த்தார். நாலாவது நொடியில் சத்தம் சிதறியது. குனிந்து பார்த்தார். வலது பாதம் பெடலிலேயே இல்லை. எப்போதோ வழுக்கி, பக்கத்துத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

அவருக்கு அது தெரியவே இல்லை.

யோசித்துப் பார்த்தால் இரண்டு வருடமாகவே பாதம் இரண்டும் பஞ்சு சுற்றினதுபோலத்தான் இருந்தன. ஒருநாள் ஆஸ்பத்திரியின் நீள நடைபாதையில் ஒற்றைச் செருப்போடு பாதி தூரம் வந்து, "இன்னொன்னு எங்கண்ணே?" என்று பெண்கள் கேட்டுச் சிரித்தபோது அவரும் சேர்ந்து சிரித்தார். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம். மாத்திரையை ஞாபகம் வரும்போது போடுவார். கால் மரத்துப்போவது வயசுக் கோளாறு என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் மாடியில் சர்க்கரை டாக்டரிடம் யாருக்கும் சொல்லாமல் போனார். டாக்டர் ஒரு நைலான் இழையை எடுத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது. தெரியுது. இதுவும் தெரியுது."

"பாத்துச் சொல்றீங்க. கண்ண மூடிக்கங்க."

கண்ணை மூடினார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. "ஆரம்பிங்க டாக்டர்" என்றார்.

"முடிச்சிட்டேன்" என்றார் டாக்டர். "பத்து எடத்துல தொட்டேன். பாதத்து நரம்பு செத்துக்கிட்டு வருது. போனது திரும்ப வராது, மிச்சத்தக் காப்பாத்தலாம். வெறுங்கால்ல நடக்காதீங்க. தெனமும் உள்ளங்காலப் பாருங்க. ஒரு சின்ன புண்ணு வந்தாக்கூட உடனே வாங்க, வலிக்கலையேன்னு இருந்துடாதீங்க. வலிக்காது. அதுதான் ஆபத்தே."

"டிரம்ஸ் வாசிக்கலாமா?"

"கையாலதான?"

"கால்லயும்."

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு அவர் கேட்டது வேடிக்கைக்கு இல்லை என்று புரிந்து, "இப்போதைக்கு வேணாமே" என்றார்.

இடி மாத்திரைச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். மனைவியிடம் சொல்லவில்லை. காது கேட்காதவன் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வதில்லையா? கால் சொல்லாததைக் கண் சொல்லட்டும் என்று முடிவு கட்டினார். பின்னறையில் ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, பாதங்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். அதுவும் போதவில்லை. தட்டையான மெல்லிய ஷூ வாங்கி, நாடாவை இழுத்து இறுக்கி, அதன் மேல் துணிக்கட்டு சுற்றிப் பாதத்தைப் பெடலோடு சேர்த்தே கட்டினார். இப்போது கால் வழுக்காது. தாளம்தான் வழுக்கியது. தரை எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் படியிறங்குகிற மாதிரி, ஒவ்வொரு அடியும் ஒரு இழை பிந்தி விழுந்தது.

ஸ்டூடியோ ஒரு பழைய கிடங்கின் மாடியில் இருந்தது. சுவரெல்லாம் கம்பளி ஒட்டியிருக்கும். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் நேராக அங்கே போவார். ஒலிப்பதிவு செய்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், அதிகம் பேசமாட்டாள். ஒல்லி இப்போது நூறு கிலோவுக்கு மேல். ஆனாலும் பெயரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. "இருபது வருஷமா இந்த வயித்துக்குள்ளதான்டா அந்த ஒல்லி ஒளிஞ்சிருக்கான்" என்று அவரே சொல்லிக்கொள்வார். முதல் வாரம் சிரிப்பும் கும்மாளமுமாகப் போனது. மெதுவான பாட்டு இரண்டையும் முதலில் எடுத்தார்கள். இடியின் கைகளைக் கேட்டு ஒல்லி எழுந்து வந்து அவர் உச்சந்தலையில் முத்தம் கொடுத்தார்.

இரண்டாம் வாரம் வேகமான பாட்டுகள் வந்தன.

காதுக்குள் கடிகாரம்போல 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் ஓடும். எல்லா அடியும் அதன்மேல் விழ வேண்டும். இடி பதினோரு முறை வாசித்தார். இருபது முறை. ஒருநாள் ஒரே பாட்டை முப்பத்தொரு முறை. வியர்வையில் கண்ணாடி வழுக்கி விழுந்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பாடகர் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். முந்தைய காலமாக இருந்தால் கெட்ட வார்த்தையில் கத்தியிருப்பார். இப்போது, "பரவால்ல மாப்ள, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். அந்த மரியாதைதான் இடியை அறுத்தது.

வீட்டுக்கு வந்தும் வாசித்தார். விடிகாலை வேலைக்குப் போகுமுன் அரை மணி நேரம் தலையணையை மிதித்தார். ஒரு சாயங்காலம் செட்டைக் கழற்றி மாட்டும்போது, தாளத்தகட்டை இறுக்கும் காது வைத்த திருகு ஒன்று காணாமல் போனது. தேடினார், கிடைக்கவில்லை, வேறொன்றைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் முழுவதும் அந்த ஷூவோடுதான் ஆஸ்பத்திரியில் நடந்தார். மூட்டை இழுத்தார், உருளை மெஷினுக்கும் ஊறல் தொட்டிக்கும் நடுவே எத்தனையோ முறை போய்வந்தார், பிறகு ஸ்டூடியோவில் மூன்று மணி நேரம் பெடலை மிதித்தார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தபோது திருகு 'டங்'கென்று தரையில் விழுந்தது. வலது காலுறை அடிப்பக்கம் கறுத்திருந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். பெருவிரலுக்குக் கீழே, திருகின் இரண்டு காதுகளும் அச்செடுத்ததுபோலப் பதிந்து, சதை திறந்திருந்தது. ஒரு நாள் முழுக்க ஒரு இரும்பைக் காலுக்குள் குத்திக்கொண்டு நடந்திருக்கிறார். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை.

அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து துண்டை வாயில் அடக்கிக்கொண்டு அழுதார். வலிக்காகக்கூட அழ வழியில்லையே என்று இன்னும் அழுகை வந்தது. பிறகு காலுறையை அவரே பச்சைத்தண்ணீரில் ஊறப்போட்டார்.

ஐந்தாம் நாள் மனைவி கண்டுபிடித்தாள். அவளுக்குக் காட்டிக்கொடுத்தது வாடை.

"என்னங்க, காலக் காட்டுங்க."

"ஒண்ணுமில்ல, ஷூ கடிச்சிருக்கு."

"காட்டுங்கன்னு சொல்றேன்ல."

பார்த்தாள். "இத வெச்சிக்கிட்டா மூணு மணி நேரம் ஒதைக்கறீங்க? ஒங்களுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். அண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன்."

"சொன்னா நான் செத்துருவேன்" என்றார் இடி. மிரட்டலாகச் சொல்லவில்லை, மழை வரும் என்பதுபோலச் சொன்னார். "அன்னிக்கு அவன் சொன்னது சரின்னு ஆயிடும். என் காலு ஒரு பக்கம் போகுதுன்னான். இப்ப நெஜமாவே போகுது. இன்னும் அஞ்சு பாட்டுதான். முடிச்சிட்டு நீ சொல்ற எடத்துக்கு வரேன்."

"சரின்னு ஆனா ஆகட்டுமே! அதுக்காக கால வெட்டிக்குவீங்களா?"

"நீ அவன விட்டுட்டு இருபத்தொரு வருஷம் இருந்த. எனக்காக. அது வீணாப் போயிடக் கூடாது."

ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காருகிறவள் அவள். அங்கிருந்து மருந்தும் கட்டுத்துணியும் கேட்டு வாங்கிவந்து காலையும் மாலையும் புண்ணைக் கழுவிக் கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து சாப்பிட்டுவிட்டு, "மாப்ளைக்கு என்ன, நொண்டற மாதிரி இருக்கு?" என்று கேட்டபோது, "சுளுக்கு" என்று சொன்னது அவள்தான். அந்தப் பொய்யைச் சொன்னதற்காகத் தன்னை அவள் பிற்பாடு மன்னிக்கவே இல்லை. ஒன்பது நாள் அப்படி ஓட்டினார்கள்.

பத்தாவது நாள் இடிக்குக் காலையிலிருந்தே குளிராக இருந்தது. அது கால்புண்ணின் காய்ச்சல் என்று தெரிந்தும் ஸ்டூடியோவுக்குப் போனார். அன்றைக்கு வாசிக்க வேண்டியதில்லை. அதுவரை எடுத்த எட்டுப் பாட்டையும் எல்லாரும் சேர்ந்து கேட்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் தேதி குறித்துவிட்டார்கள்.

முதல் பாட்டு ஓடியது. இடி நிமிர்ந்து உட்கார்ந்தார். கால் அடிகள் தோட்டா மாதிரி விழுந்தன. இரண்டாவது, மூன்றாவது. ஒரு அடிகூடப் பிசகவில்லை. பாடகர் அவர் தொடையில் தட்டி, "கேட்டியா மாப்ள? இடிடா!" என்றார். எவ்வளவு வருடமாகக் காத்திருந்த வார்த்தை! இடி கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாலாவது பாட்டில் ஒரு இடம். அந்த இடம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பாடல் திரும்பும் முனையில், கட்டு அவிழ்ந்து வலது கால் நழுவி, இரண்டு அடிகள் விழவே இல்லை. சமாளித்துக்கொண்டு மேலே போய்விட்டார். இப்போது அந்த இரண்டு அடிகளும் அங்கே இருந்தன. சுத்தமாக, பக்கத்து அடிகளைப் போலவே.

"நிறுத்தும்மா" என்றார்.

ஒலிப்பதிவுப் பெண் நிறுத்தினாள்.

"இந்த எடத்துல நான் அடிக்கலையே."

அவள் பாடகரைப் பார்த்தாள். பாடகர் சுவரைப் பார்த்தார்.

"என்னம்மா பண்ணியிருக்க?"

"கால் மட்டும்தான் சார்" என்றாள் மெதுவாக. "கையெல்லாம் உங்களோடது. காலுக்கு மெஷின்ல அடிச்ச அடியைக் கோத்திருக்கேன். நெறைய பேர் பண்றதுதான் சார். ஒங்கள மட்டும்னு இல்ல."

"எத்தன பாட்டுல?"

"மெதுவான ரெண்ட விட்டு மத்த ஆறுலயும்."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டாவது வாரத்துலேர்ந்து" என்றார் பாடகர். "நான்தான் சொன்னேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல மாப்ள. மறுபடியும் அந்த வார்த்தைய என் வாயால சொல்ல முடியாது."

ஒல்லி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளாக அவர் அந்தக் காலை வைத்து மிதித்ததெல்லாம் யாருக்கும் வேண்டாத சத்தம்.

"என்னோடத போடு" என்றார் இடி. "மெஷின் இல்லாம. நான் வாசிச்சத அப்படியே."

"வேணாம் சார்."

"போடும்மா!"

போட்டாள். மூன்று நிமிடம் நாற்பது நொடி. நொண்டிக் குதிரை ஒன்று ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதுபோல இருந்தது. விழுந்து எழுந்து, பின்தங்கி, அவசரப்பட்டுத் தாண்டி, மறுபடி பின்தங்கி. நடுவில் எங்கோ மூச்சிரைப்பு கேட்டது. அது அவருடையது, மைக்கில் பதிவாகியிருந்தது. இடி கடைசிவரை கேட்டார். அவருக்குத் தாளம் தெரியும். யாரும் அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

பாட்டு முடிந்ததும் குனிந்து வலது ஷூவின் நாடாவை அவிழ்த்தார். கட்டுத்துணியை ஒவ்வொரு சுற்றாக எடுத்தார். வாடை அந்தச் சின்ன அறையில் சட்டென்று பரவியது. ஒலிப்பதிவுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். பெருவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்து, பாதம் கணுக்கால்வரை சிவந்து வீங்கியிருந்தது.

"எனக்குக் காலு தெரியல மச்சான்" என்றார். "ரொம்ப நாளாவே தெரியல."

பாடகர் எழுந்து நின்றார். அப்போது அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா வேற ஆளப் போட்டிருப்போம்ல!" சொல்லி முடிப்பதற்குள் அவரே தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மண்டியிட்டு அந்தக் காலை அப்படியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். இடிக்கு அவர் தொட்டதும் தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். நாலு நாள் கழித்து, சீழ் எலும்புக்குள் ஏறிவிட்டதென்று பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். தான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில், இரண்டாம் மாடியில் இடி படுத்திருந்தார். கீழ்த்தளத்துப் பெண்கள் அவருக்கென்று புது விரிப்பாகத் தேடியெடுத்து அனுப்பினார்கள். தினமும் ஒருத்தியாவது வந்து எட்டிப்பார்த்து, "மூணாவது மெஷின் ஒங்க பேரச் சொல்லி அழுவுதுண்ணே" என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போனாள். அவர் சிரிக்க முயன்றார். யாரும் இல்லாத மத்தியானங்களில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவி சோறு ஊட்டினால் வாங்கிக்கொண்டார். பேசச் சொன்னால் பேசவில்லை. ஒருநாள் மட்டும், "எடது காலையும் எடுத்துருவாங்களா?" என்று கேட்டார். அவள், "நான் இருக்கறவரைக்கும் எடுக்க விடமாட்டேன்" என்றாள்.

மூன்றாம் வாரம் பாடகர் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். ஒன்பதாவது பாட்டை விட்டுவிட்டார்கள். எட்டுப் பாட்டோடு ஆல்பம் தயார். அட்டை அச்சுக்குப் போக வேண்டும். இடியின் கைகளும் மெஷினின் கால்களும் சேர்ந்த அந்தப் பதிவையே வெளியிட அவர் சம்மதிக்க வேண்டும் என்று கம்பெனி கேட்கிறது.

"அட்டைல என்ன போடுவீங்க?"

"டிரம்ஸ், இடி. வேற என்ன?"

இடி தலையணையில் சாய்ந்து நிமிர்ந்தார். "கைகள், இடி. கால்கள், மெஷின். அந்த ரெண்டு பாட்டத் தவிர. அப்படிப் போட்டா சம்மதம்."

"மாப்ள, வெளங்கித்தான் பேசறியா? பசங்க கேலி பண்ணுவாங்க. ஊரு ஒலகத்துல எல்லாரும் மெஷின வெச்சுத்தான் அடிக்கறான், எவனாவது சொல்றானா?"

"சொல்லலன்னா, நான் அடிச்சேன்னு நெனப்பாங்க. அத எப்படி நான் வாங்கிக்கறது? ரோட்டுல எவனாவது நிறுத்தி, சார் ஒங்க காலு சூப்பருன்னு சொன்னா நான் எந்தக் காலப் பாக்கறது?"

"அவரு சொல்ற மாதிரியே போடுண்ணா" என்றாள் மனைவி, ஜன்னலோரத்திலிருந்து. அண்ணன் வந்த நாளிலிருந்து அவரிடம் அவள் குரலை உயர்த்தியது அதுதான் முதல்தடவை. "ஒரு தடவ நீ சொன்னத ஊரே கேட்டுச்சு. இந்தத் தடவ அவரு சொல்றத ஊரு கேக்கட்டும்."

பாடகர் இரண்டு நாள் கம்பெனியோடு மல்லுக்கட்டினார். கடைசியில் அட்டையின் பின்பக்கம் அப்படியே அச்சாகி வந்தது. ஆல்பத்துக்கு 'சாம்பலுக்குக் கீழே' என்று பெயர். ஓரளவு பேசப்பட்டது. ஒரு பத்திரிகைக்காரர், "கிழவர்கள் திரும்பி வந்தார்கள், கால்களை வீட்டிலேயே விட்டுவிட்டு" என்று எழுதினார். விஷயம் தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்று யாரும் விசாரிக்கவில்லை. மனைவி அந்தப் பத்திரிகையை ஒளித்துவைத்தாள். இடி அதை முன்பே ஆஸ்பத்திரியில் படித்துவிட்டிருந்தார்.

எட்டு மணி நேரம் நிற்கிற வேலை இனி முடியாதென்று அவரை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வார்டுகளுக்குப் போகும் விரிப்புகளை எண்ணிக் கொடுக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். பெண்கள் அவர் மேஜைக்கு ஒரு மெத்தை வைத்த நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் எண்ணினார். கால்கள் தரையைத் தட்டுவது நின்றுபோயிருந்தது.

ஆல்பத்துக்காக நடந்த கச்சேரிக்குப் போக அவருக்கு விருப்பமே இல்லை. பாடகர் மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து கெஞ்சினார். மூன்றாவது ஞாயிறு, "மேடைக்கு வர வேணாம், கீழ ஒக்காரு போதும்" என்றார். சரி என்றார் இடி. அரங்கில் ஆயிரம் பேருக்குமேல் இருந்தார்கள். முக்கால்வாசி இருபது வயதுக்காரர்கள், கறுப்புச் சட்டையில். முன்வரிசை ஓரத்தில் மனைவியோடு உட்கார்ந்து, இரண்டு ஊன்றுகோல்களையும் நாற்காலிக்கு அடியில் படுக்கவைத்தார். அவர் இடத்தில் வேறொரு டிரம்மர், நாற்பது வயதிருக்கும். நன்றாக வாசித்தார். இடி அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

நாலாவது பாட்டுக்கு முன்னால் பாடகர் மைக்கைப் பிடித்தார். "இந்த ஆல்பத்துல நீங்க கேக்கற கைக்குச் சொந்தக்காரரு இங்க ஒக்காந்திருக்காரு. அவரு காலப் பத்தி ஒரு காலத்துல நான் தப்பாப் பேசினேன்" என்றார். அதை முடிக்கத் தெரியாமல் கையை நீட்டிக் காட்டி, "இடி!" என்று கத்தினார்.

அரங்கமே திரும்பியது. "இடி! இடி! இடி!" என்று ஆயிரம் குரல்கள்.

எழுந்து நிற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. குனிந்து ஊன்றுகோலைத் தேடினார். ஒன்று பின்வரிசைப் பக்கம் நகர்ந்துபோயிருந்தது. மனைவி மண்டியிட்டுக் கையை விட்டுத் துழாவினாள். யாரோ ஒருவருடைய பை தடுத்தது. "இருங்க, இருங்க" என்றாள். இடதுகாலை ஊன்றி, நாற்காலிக் கையைப் பிடித்து, இடுப்பை உயர்த்தி, அவர் நிமிர்ந்து நின்றபோது அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. விளக்குகள் மேடைக்குத் திரும்பின. கூட்டமும் திரும்பிவிட்டது.

"ஒக்காந்துக்கங்க" என்று மனைவி அவர் காதில் கத்தினாள்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு கை அவள் தோளில், ஒரு கை ஊன்றுகோலில். யாரும் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டு முடியும்வரை நின்றார்.